அழிக்க அழிக்க வந்த முந்தானை

காவேரி: சத்தமா படிப்பா லோகேசு. முந்தானையில இன்னா பேரு போட்டுக்குது?

லோகேஸ்வரன்: போட்டோ கொஞ்சம் மங்கலா இருக்குதுக்கா...

காவேரி: பெருசு பண்ணிப் பாரு. தறியில இருந்து காலையில அனுப்பினாங்க.

லோகேஸ்வரன்: ...சுகாசினி.

காவேரி: பக்கத்துல?

லோகேஸ்வரன்: அது... ஜரிகை மினுக்கறதுல சரியா...

சுகாசினி: லோகேஸ்வரன்னு இருக்குதுக்கா.

காவேரி: உனக்குக் கண்ணு நல்லா தெரியுது. கல்யாணப் பொண்ணு பேரு அபி. மாப்பிள்ளை பேரு பாலாஜி. அவங்க பேரை முந்தானையில போட்டுக் குடுங்கன்னுதான் ஆர்டர். நம்ம கடையில டிசைன் போடறது நீங்க ரெண்டு பேரு. ஊரான் வீட்டுக் கல்யாணப் புடவையில உங்க பேரு எப்படி ஏறிச்சு?

லோகேஸ்வரன்: வேற லோகேஸ்வரனா கூட இருக்கலாம்...

காவேரி: இருக்கலாம். காஞ்சிபுரம் பெரிய ஊரு. நம்ம கம்ப்யூட்டர்ல எத்தினி லோகேஸ்வரன் இருக்காங்க?

லோகேஸ்வரன்: ...சிங்க் ப்ராப்ளம்க்கா.

காவேரி: தமிழ்ல சொல்லு.

லோகேஸ்வரன்: கீழ கடையில என்கிட்ட ஒரு கம்ப்யூட்டர். மேல டிசைன் ரூம்ல இவங்ககிட்ட ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே ஃபோல்டர். இங்க வெச்சா அங்க வந்துடும். நடுவுல கிளவுட்ல ஒரு காப்பி...

காவேரி: கிளவுட்டுக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?

லோகேஸ்வரன்: நான்தான் போட்டேன். எழுத்து எப்படி உக்காருதுன்னு பாக்க ஒரு டெஸ்ட் ஃபைல். டெஸ்ட்டுக்கு ஏதோ ரெண்டு பேரு வேணும்ல...

காவேரி: ஏதோ ரெண்டு பேரு.

லோகேஸ்வரன்: வளைவு நெளிவு இருக்கற பேரா இருந்தா ஜரிகை எங்க அறுந்து தெரியும்னு...

சுகாசினி: என் பேர்ல அவ்ளோ நெளிவா?

லோகேஸ்வரன்: டெக்னிக்கலா சொல்றேங்க.

காவேரி: பேருக்கு நடுவுல ரெண்டு அன்னம் மூக்கோட மூக்கு வெச்சிக்கினு நிக்குது. அதுவும் டெக்னிக்கலா?

லோகேஸ்வரன்: அது ஆர்டர்லயே...

காவேரி: ஆர்டர்ல மயிலு. இரு, ஃபோன் வருது. பொண்ணோட அம்மா. ...சொல்லுங்கம்மா. ஆங், தறியிலதான் இருக்குது. பேரா? பேரு ரொம்ப அழகா வந்துக்குதும்மா. நீங்க கவலையே படாதீங்க. ...வெச்சிட்டாங்க. நீ மேல சொல்லுப்பா.

லோகேஸ்வரன்: அக்கா, நான் அன்னிக்கே அழிச்சிட்டேன். சத்தியமா. மறுநாள் வந்து பாத்தா அதே எடத்துல இருக்குது. திரும்ப அழிச்சேன். திரும்ப வந்துச்சு.

காவேரி: பேயா?

லோகேஸ்வரன்: சிங்க்க்கா. மேல இருக்கற கம்ப்யூட்டர்ல பழசு ஒட்டிக்கினு இருந்தா, அது திரும்ப அனுப்பிடும். அப்படித்தானேங்க?

சுகாசினி: ...அப்படியும் நடக்கும்னு சொல்றாங்க.

காவேரி: யாரு சொல்றாங்க?

சுகாசினி: பொதுவா.

காவேரி: சரி. அழியலன்னா என்கிட்ட வந்து சொல்றதுதானே?

லோகேஸ்வரன்: இன்னான்னுக்கா சொல்றது? டெஸ்ட்னு பேரு இருந்தா யாராவது இன்னாது இதுன்னு திறந்து பாப்பாங்க. அதான் பேரை மாத்தி வெச்சேன். சாதாரண ஆர்டர் ஃபைல் மாதிரி.

காவேரி: இன்னா பேரு?

லோகேஸ்வரன்: அபி பாலாஜி ஃபைனல் டூ. ஃபைனல் ஒண்ணு தறிக்குப் போயிடிச்சுன்னு நெனச்சேன்க்கா.

காவேரி: போவல. பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தது நான்தான். ரெண்டு ஃபைனல் இருந்தா, புதுசைத்தானே எடுப்பேன்? கல்யாண வீட்டுக்கு இப்ப வேற தறியில ஏத்தியாச்சு. இந்தத் தடவ திறந்து பாத்து ஏத்தினேன். கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடும். இந்தப் புடவையை இன்னா பண்றது, அதான் கேள்வி.

சுகாசினி: இது யார் தறியிலக்கா ஓடுது?

காவேரி: ஓரிக்கையில.

சுகாசினி: ஓரிக்கையில யாரு?

காவேரி: உங்க அப்பா.

லோகேஸ்வரன்: ஐயோ.

சுகாசினி: அப்பா... இன்னாக்கா சொன்னாரு?

காவேரி: எழுத்து சுத்தமா விழுந்துக்குதுன்னாரு.

சுகாசினி: அவ்ளோதானா?

காவேரி: அப்புறம் அந்த லோகேஸ்வரன் எந்த ஊருன்னு கேட்டாரு. கூரம்னேன். சரின்னாரு. 'தறியை நிறுத்தி வெச்சிக்கிறேன். பேரைப் பிரிக்கவா, வேணாமா? என் பொண்ணைக் கேட்டுச் சொல்லுமா'ன்னாரு.

லோகேஸ்வரன்: பிரிச்சிடச் சொல்லுங்கக்கா.

காவேரி: உன்னைக் கேக்கலியே அவரு.

லோகேஸ்வரன்: தப்பு என்னுதுக்கா. நான் வேலையை விட்டே நின்னுக்கிறேன். கூரத்துல எங்க தெரு எது, ஓரிக்கையில அவங்க தெரு எது... எனக்குத் தெரியாதா? எனக்கு ஆசை இருந்துச்சு. இருந்துச்சுன்னா இருந்துச்சு. ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சு ஒரு தடவ பாத்துட்டு அழிச்சிடலாம்னுதான் போட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. அவங்க பேரு இதுல வரக் கூடாது.

காவேரி: முந்தானை பூரா அவ பேருதான்பா.

லோகேஸ்வரன்: அதான்க்கா, பிரிச்சிடச் சொல்லுங்க.

காவேரி: இன்னாம்மா சுகா, வாயைத் திறக்க மாட்டேங்கற? சரி. உங்க அப்பாகிட்ட இப்படிச் சொல்லிடறேன். பையன் ஏதோ ஆசையில போட்டான், அவனே அழிச்சிட்டான். கம்ப்யூட்டர்தான் தானா தானா எடுத்துக் குடுத்துச்சு. உங்க பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பிரிச்சிடுங்க. ...ரிங் போவுது.

சுகாசினி: கட் பண்ணுங்கக்கா.

காவேரி: ஏன்?

சுகாசினி: பிரிக்க வேணாம்.

லோகேஸ்வரன்: எனக்காகப் பாக்காதீங்க. அக்கா சொல்லிடட்டும்...

சுகாசினி: நீங்க சும்மா இருங்க. தானா வரலக்கா. இவரு அழிச்சிக்கினே இருந்தாரு, ஒவ்வொரு தடவையும் நான்தான் ரீசைக்கிள் பின்ல இருந்து எடுத்து அதே எடத்துல வெச்சேன். ஒரு தடவையாவது மாடி ஏறி வந்து, யாருங்க இதைத் திரும்ப வெக்கறதுன்னு கேப்பாரு, கேப்பாருன்னு பாத்தேன்... சிங்க் ப்ராப்ளம்னு நெனச்சிக்கினு கீழயே உக்காந்திருக்காரு.