இரண்டு முறை கழித்த புயல்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, விசாரணை செய்பவர்களுக்கு எதையும் அளந்து போட்டுப் பழக்கம் இருக்காது.

என் வேலை எளிதானது. ஒரு கப்பல் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய அலை அதன் உடலை எவ்வளவு வளைக்கும் என்று, கப்பல் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வேன். அதை வைத்துத்தான் இரும்புத் தகட்டின் கனத்தை முடிவு செய்வார்கள். அலைகளை நாங்கள் போய் அளப்பதில்லை. கடலில் போகிறவர்கள் பல வருடங்களாகப் பார்த்துச் சொன்ன உயரங்கள்தான் கைவசம் உண்டு. அவர்களோ புயலைக் கண்டால் சுற்றிக்கொண்டு போய்விடுகிறவர்கள். ஆகவே பெரிய அலைகள் அதில் ஏற்கெனவே குறைவு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்.

நீங்கள் விசாரிக்கிற இந்தக் கப்பலுக்கு, புத்தியுள்ள கேப்டன் புயலை விட்டு விலகிவிடுவான் என்று காரணம் காட்டி, நான் அலை உயரத்தில் மேலும் கொஞ்சம் கழித்தேன். ஒரே விலகலுக்கு இரண்டு கழிவு. சரிபார்த்த மேதாவிகள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். தகடு மெலிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அந்தக் கப்பலுக்குக் கேப்டன் என் தங்கை கணவர்தான் என்று அப்போதே பேசி முடித்திருந்தார்கள். புயலுக்கு ஒதுங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற மனிதர். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொல்வார்: "மச்சான் நாற்காலியில உக்காந்தே அலை எண்ணுவாரு. கால் நனையாம கடலைத் தாண்டுற ஆளு!" என் மனைவிகூடச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

தெரிந்தேதான் கழித்தேன், ஐயா. கப்பல் நடுவில் முறிந்து அவரும் மாலுமிகளும் போய்ச் சேர்ந்தார்கள். நீங்களோ வெல்டிங் செய்தவர்களைப் பிடித்து வைத்துக் குடைந்துகொண்டிருந்தீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே வந்தேன். என் கணக்கை ஒருவருக்குமே படிக்கத் தெரியவில்லையே என்ற எரிச்சலும் உண்டு. மற்றபடி நான் யாரையும் கொல்லவில்லை. புத்தியுள்ளவனுக்காகக் கணக்குப் போட்டேன், புத்தியில்லாதவர் ஓட்டினார்.

தங்கைக்குத்தான் இது புரியவில்லை. புயல் மாதத்தில் கிளம்பிய அந்தப் பயணத்தில் அவளும் போவதாக இருந்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டாள். நான் பிடிவாதமாகத் தடுத்தேன். நேற்று வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, என்னை மட்டும் ஏன் போக வேணாம்னு சொன்னீங்க?"

அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். அதற்காகத்தான் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.