டைமிங் நிக்காத வேன்

சாயங்காலம் ஏழு மணி. ஊரைத் தாண்டி, லாரிகூட அதிகம் வராத பழைய ரோடு. அதுல ரெண்டே ரெண்டு மெக்கானிக் ஷெட்டு, எதிரும் புதிருமா. ஒண்ணு என் சகலையோட அண்ணனுது. டேய், சிரிக்கிறவன் இப்பவே எழுந்து போயிடு. நடுவுல சிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கிப் போட்டு, பார்த்துப் பார்த்து ரிப்பேர் பண்ணார். டைமிங் மட்டும், அதான் ஸ்பார்க் அடிக்கிற நேரம், நிக்கல. ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி திருப்பினாலே டைமிங் மாறிடும். சாயங்காலம் சரியா வச்சு, போல்ட்டை முறுக்கிட்டுப் போவார். காலையில ஸ்டார்ட் பண்ணா... டப்பு டப்புன்னு சைலென்ஸர்ல வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பியிருக்கும். நாலு நாளா இதே கூத்து. எதிர் ஷெட்டுக்காரன் வேலைதான்னு நடுரோட்டுல அவன் சட்டையைப் பிடிச்சுட்டார். "கையை உடைச்சு அடுப்புல வச்சிடுவேன்டா!"

அன்னைக்கு ஏழு மணிக்கு ஷெட்டை உள்பக்கமா பூட்டிட்டார். அண்ணி டிரைவர் சீட்டுல, சாவியைப் பிடிச்சுக்கிட்டு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள காலையிலருந்து பேச்சுவார்த்தை இல்ல.

டைமிங் லைட்டு தெரியும்ல? துப்பாக்கி மாதிரி இருக்கும், விசையை அழுத்தினா ஸ்பார்க் அடிக்கிறப்பல்லாம் மின்னும். அந்த வெளிச்சத்துல சுத்துற புல்லி நின்ன மாதிரி தெரியும், மார்க்கைப் பார்த்துக்கலாம். பக்கத்துல ஃபேனும் நின்ன மாதிரிதான் இருக்கும்... ஏமாந்து கையை விட்டா போச்சு. எஞ்சினை ஓட விட்டு, மார்க் நல்லா தெரியணும்னு ஷெட்டு பல்பை அணைச்சுட்டார்.

மார்க் சரியா வந்துச்சு. போல்ட்டை முறுக்கினார். நிமிர்றதுக்குள்ள... மார்க் நகருது. மெல்ல. லைட்டை டிஸ்ட்ரிபியூட்டர் மேல திருப்பினார்.

ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான். நகமெல்லாம் கிரீஸ். முறுக்கி வச்சதை அலட்டிக்காம திருப்பிட்டிருக்கு. லைட்டு விசையை விட்டா ஒண்ணுமில்ல. அழுத்தினா... இருக்கு.

வேற ஆளா இருந்தா ஓடியிருப்பான். இவருக்குத்தான் மூக்கு மேல கோவமாச்சே. "எவன்டா நீ? என் வண்டியில உனக்கென்ன வேலை?"ன்னு வலது கையால அதைப் பிடுங்கப் போனார். அது டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுட்டு இவர் மணிக்கட்டைப் பிடிச்சுடுச்சு. சில்லுன்னு. கருகின முடி நாத்தம். இழுக்குது... ஃபேன் பக்கமா. ஃபேன் அசையாம நிக்குது, காத்து மட்டும் விரல்ல அடிக்குது. அந்தக் கைதான்பா அவருக்குச் சோறு போடுது. அது போனா குடும்பமே நடுத்தெருவுல.

"ஆஃப் பண்ணுடி!"

அண்ணி சாவியைத் திருப்பிட்டாங்க. எஞ்சின் நின்னுச்சு. லைட்டும் நின்னுச்சு. பிடி மட்டும் விடல. கும்மிருட்டு... அப்புறம் அது விட்ட மாதிரியே இல்லையாம். தோலுக்குள்ள இறங்கின மாதிரி இருந்துச்சாம்.

பல்பைப் போட்டுப் பார்த்தா ஒரு கீறல்கூட இல்ல. அஞ்சு விரலும் முழுசா இருந்துச்சு. அண்ணன் தேம்பித் தேம்பி அழுதுட்டாராம். வேனும் அன்னையிலருந்து ஒரு தொந்தரவும் குடுக்கல.

போன வாரம் அண்ணி பெட்டியோட அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. நேத்துதான் ஏன்னு சொன்னாங்க. ராத்திரி முழிப்பு வந்திருக்கு. அண்ணன் பக்கத்துல குறட்டை விட்டுத் தூங்குறார். அவர் வலது கை மட்டும் தூங்கல... இவங்க தாடையைப் பிடிச்சு, கழுத்தை... கொஞ்சம் கொஞ்சமா திருப்பிட்டிருந்துச்சாம்.