கருத்தக்கண்ணனுக்குத் தெம்பு போதவில்லை

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போகிற ஆள் நான். பரவையில் யாரைக் கேட்டாலும், தனிஸ்லாஸ் சார் யார் வம்புக்கும் போகமாட்டார் என்பார்கள். கருத்தக்கண்ணன் மீதும் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது.

அவன் ஒரு விளையாட்டில் வருகிற ராட்சசன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம். நான் கதை சொல்வேன்; பாழடைந்த கோட்டை, பூதம், புதையல் என்று போகும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் நடப்பார்கள். ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் உடம்புக்கென்று மூன்று எண்கள் உண்டு: வலு, லாவகம், தெம்பு. எது பெரிதாக இருக்கிறதோ அந்தக் காரியத்தில் பிழைப்பது சுலபம்.

இதில் வலுதான் உதவாக்கரை என்பது என் கருத்து. நான் கணக்கு வாத்தியார், சும்மா சொல்லமாட்டேன். லாவகம் இருந்தால் அம்பு விடலாம், அடிக்குத் தப்பலாம். தெம்பு இருந்தால் விஷத்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடலாம். வலுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பீரோ நகர்த்தலாம்.

பேரையூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற அருள்பாண்டிக்கு இது ஏறவில்லை. தன் வீரனாகக் கருத்தக்கண்ணனை உருவாக்கியபோது எல்லாவற்றையும் வலுவில் கொட்டிவிட்டு, தெம்புக்குச் சுண்டைக்காய் அளவு வைத்தான். "வலு இருந்தா மத்ததெல்லாம் பின்னாலயே வரும்ணே" என்றான்.

வந்தது. அதுதான் பிரச்சினை. நான் பூட்டு வைத்தால் கதவையே பெயர்த்தான். ஆற்றைக் கடக்கப் புதிர் போட்டால் மரத்தைப் பிடுங்கிப் பாலம் போட்டான். கூட ஆடுகிற சத்யப்ரியா கைதட்டுவாள். "வலு எதுக்குமே ஆகாதுன்னீங்களே சார்?" என்று ஜினோ வாராவாரம் கேட்பான். பொறாமை என்று நினைக்காதீர்கள். ஒரு பாடத்தைப் புரியவைக்க வேண்டியது வாத்தியாரின் கடமை.

ஆகவே ஒரு கிணறு வைத்தேன். அதற்கு மேலூர்க் குவாரிக் கல் கணக்காக ஒரு மூடி. கருத்தக்கண்ணனைத் தவிர யாராலும் தூக்க முடியாது. "எல்லாரும் தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அருள்பாண்டி உட்கார்ந்த இடத்திலேயே சட்டைக் கையை மடித்துவிட்டான். மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து விஷக்காற்று வந்தது. அதனிடம் வலு எடுபடாது, தெம்புதான் வேண்டும். அவனுக்கு இருந்த தெம்புக்கு இருபது விழுந்தால்தான் உயிர். பத்தொன்பது விழுந்தது. பகடையை உருட்டியது அவன் கை, நான் தொடவே இல்லை. இருபதே விழுந்திருந்தாலும் கிணற்றுக்குள் இன்னொரு மூடி வைத்திருந்தேன்.

அருள்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்று வருஷமாகக் கூடவே இருந்தவன் போய்விட்டான் அல்லவா. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் கதவுக்குப் பின்னாலிருந்து ஃப்ளெக்ஸை எடுத்து விரித்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் கதாயுதத்தோடு கருத்தக்கண்ணன், கீழே 'உன் வலுவை மறவாத நண்பர்கள்'. அருள்பாண்டி என்னைக் கட்டிப்பிடித்து, "அவன் மேல உங்களுக்கு இம்புட்டுப் பாசமாண்ணே" என்று அழுதான்.

பாசம் இல்லாமலா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். மறைவு தேதி என்ன போடணும் சார் என்று கடைக்காரர் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றேன்.