மணி அடிக்கும்வரை

டீ வேண்டாம் ஐயா. வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்செரியும். உட்காரச் சொன்னீர்களே, அது போதும்.

பெயர் அன்புச்செல்வன். பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் நாடகம். கல்யாண மண்டபத்தில் நாடகம் போட்டால் ஒருத்தன் போனில் பேசுவான், ஒருத்தி பிள்ளைக்கு முறுக்கு ஊட்டுவாள். பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் சின்ன இடங்களுக்கு வந்தேன். ஒரு தடவை லாரியின் பின்பக்கம் போட்டேன், ஒரு தடவை காலியான மாவு மில்லில். கடைசியில் அந்தப் பழைய சூளை கிடைத்தது. பார்க்கப் பன்னிரண்டு பேருக்கு மேல் விடமாட்டேன்.

விருத்தாசலத்துக்காரரான உங்களுக்குச் சூளையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சரக்கை அடுக்கியதும் வாசலைச் செங்கல்லால் அடைத்து, களிமண் பூசிவிட்டுத்தான் தீ மூட்டுவார்கள். அதையே நாடகமாக்கினேன். உள்ளே என் நாடகத்தில் நடிக்கிற பெண் வேல்விழி இருப்பாள். முக்கால் வாசலை நானே கட்டி வைத்திருப்பேன். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு செங்கல் வைத்து மீதியை அடைப்பார்கள். பிறகு சுவரை ஒட்டி உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்பார்கள். மனசு தாங்காமல் அவர்களே சுவரைப் பிரித்து அவளை வெளியே எடுக்கவேண்டும். முடிவு அதுதான்.

முதல் நாள் நாலாவது நிமிடமே பிரித்துவிட்டார்கள். பெண்ணாடம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வேல்விழியும் பியூட்டி பார்லரிலிருந்து வருகிறவள் மாதிரி வந்து நின்றாள். "சோக்கா இருந்துச்சு சார்" என்று ஒருவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் மறுநாள் சில மாற்றங்கள் செய்தேன். பஸ் ஹாரன் கேட்டதால் புகைபோக்கியைச் சாக்கு திணித்து அடைத்தேன். அவள் முகம் வேர்க்கட்டும் என்று உள்ளே ஒரு சட்டியில் கரி மூட்டினேன். நான் மணி அடிக்கும்வரை யாரும் சுவரைத் தொடக்கூடாது என்றேன்.

காலை ஒத்திகையிலேயே வேல்விழி சொன்னாள்: "கரிப்பொகைக்குத் தல கிறுகிறுன்னு வருது சார். அந்தச் சட்டி வேணாங்க."

"கொஞ்ச நேரந்தாம்மா. முடியலன்னா எம் பேரச் சொல்லிக் கூப்புடு. ஒடனே பிரிச்சிடறேன்."

நாடகத்தில் என் பெயர் எங்கும் வராது. அவள் சரியென்றாள். நல்ல பெண், எதற்கும் முகம் சுளிக்கமாட்டாள்.

அன்று அவள் அம்மா அமுதவள்ளி நல்லூரிலிருந்து வந்திருந்தார். மகள் நடித்து அவர் பார்த்ததே இல்லையாம். கடைசிச் செங்கல் அவர் கையில்தான் இருந்தது. "எங்க வைக்கட்டும் சார்?" என்று கேட்டார். மேல் மூலையைக் காட்டினேன். வைத்துவிட்டு, வீட்டு அடுப்பை மெழுகுகிற மாதிரி சந்து தெரியாமல் களிமண்ணை வழித்துப் பூசினார்.

அப்போது மாலை நாலரை மணி. ஒன்பதாவது நிமிடம் உள்ளேயிருந்து "அன்பு சார்" என்று குரல் வந்தது.

அமுதவள்ளி எழுந்துவிட்டார். "எம் புள்ள நெசமாவே கூப்புடுது சார்."

"நடிக்கிறாம்மா. நீங்க ஏந்திரிச்சா அவ பேருதான் கெட்டுப்போவும். உக்காருங்க."

உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ இருமியதற்கு, "சும்மா இருங்க, எம்மவ நடிக்கிறா" என்று அதட்டவும் செய்தார்.

இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டாவது முறை பெயர் பாதியில் நின்றது. பிறகு செங்கல்லை நகத்தால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. அதுவும் நின்றுவிட்டது.

ஈரக் களிமண்தான் ஐயா, ஓர் உதை போதும். மூடிய இடத்தில் கரிப்புகை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். சூளைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் பன்னிரண்டு முகங்களை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒருவர் கண்ணும் சுவரை விட்டு நகரவில்லை. இதற்காகப் பதினாறு வருஷம் அலைந்திருக்கிறேன். இன்னொரு நிமிடம், இன்னொரு நிமிடம் என்று மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அடித்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். யார்மேலும் பழி போடமாட்டேன். அந்த அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவர் மகள் அன்றைக்குப் போல என்றைக்குமே நடித்ததில்லை.