செவ்வாய்க்கிழமை மீன் கிடையாது

“செவ்வாக்கெழம கடல்ல மீனே இருக்காது மாப்ள. டேட்டா சொல்லுது.”

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். சொன்னவன் முதுகுளத்தூர்க்காரன், மடியில் லேப்டாப். கேட்டவன் பாம்பன்காரன், மடியில் பரோட்டாப் பொட்டலம்.

“இத எவன்டா ஒனக்குச் சொன்னது?”

“நானே கண்டுபிடிச்சேன். ஃப்ரீலான்ஸ்ல மொத வேலைடா. உங்க ஊரு விசைப்படகு ஓனரு ஒருத்தரு ஒரு வருசத்து மீன் கணக்க எக்செல்ல அனுப்புனாரு. செவ்வா, வியாழன் கட்டம் பூராம் காலியாக் கெடந்துச்சு. யூடியூப்ல சொன்னமாரி பூஜ்யம் போட்டு நெரப்பி கிராஃப் போட்டேன். தரையோட படுத்துருச்சு.”

“ஏலே, அந்த நாள்ல விசைப்படகு கடலுக்கே போகாதுடா. அது நாட்டுப்படகு போற மொற.”

பேருந்து பாலம் ஏறியது. முதுகுளத்தூர்க்காரன் லேப்டாப்பை மூடினான்.

“எங்கய்யா வேற, எம்மகன் டேட்டா அனலிஸ்ட்டுன்னு டீக்கடையெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு.”

“அத விடு. ரிப்போர்ட்ட அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன். அந்த ரெண்டு நாளும் படக எடுக்காதீங்க, டீசல் மிச்சம்னு எழுதிருந்தேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ரொம்பச் சரியாச் சொல்லிட்டீங்க தம்பின்னாரு. அடுத்து, ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக ஏன் வரலன்னு பாத்துச் சொல்லுங்கன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன்.”