காருக்குச் சட்டை

கீரனூரில் திருச்சி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். ஒரு பழைய கார் ஆவி கக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றது. அதிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள்.

“காருக்கு எதுக்குங்க சட்டை?” என்றார் அந்த அம்மா. முன்பக்கக் கம்பிவலையை மூடிக் கட்டியிருந்த தோல் உறையைத்தான் கேட்டார்.

“ஊட்டியில ஓடுன வண்டி. வாங்குறப்பவே அப்பிடித்தான் இருந்துச்சு. மூணு மெக்கானிக்கிட்ட காட்டியாச்சு. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனேன், பெல்ட்டு நல்லாருக்கு, காத்தாடி சுத்துது. அப்புறமும் கொதிக்குதே! ஒன் தம்பி ஏழு வருசம் கழிச்சு மலேயாவுலேருந்து வாரான். பத்தரைக்கு ரயிலு வந்துருமே!”

“ஊட்டி குளுருக்கு இஞ்சினைப் போத்தி வச்சிருப்பாக. இந்த வெயில்லயும் போத்தியிருந்தா உள்ள எப்பிடிங்க காத்துப் போகும்?”

“அடி ஆத்தா! கழட்டு, கழட்டு!”

இருவருமாக வாரை அவிழ்த்து உறையை உருவினார்கள். சூடு தணிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, டீக்கடையில் வாங்கிய குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினார் அவர். சூடு காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா உள்ளேயிருந்து கத்தினார்: “எறங்குதுங்க! ஊசி எறங்குது!”

கார் பறந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அது திருச்சி ரயிலடி வாசலில் நின்றது. அந்த அம்மா ஒரு வாலிபனின் கன்னங்களை இரு கையாலும் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். கணவர் பானெட்டைத் தட்டித் தட்டி, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அவனிடம் சொன்னார்:

“மூணு மெக்கானிக்கு பாத்தாக மச்சான். ஒங்கக்காதான் கண்டுபுடிச்சா!”