மூண்டாவது வரியை நான் பாடினன்

“படுங்கோ! விழுந்து படுங்கோ!” அப்பா கத்துறார்.

வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்து. பாப்பாமோட்டை. தூரத்தில ஷெல் குத்துற சத்தம், அங்க ஏவுறாங்கள். எண்ணுறன். ஏழு எண்ணேக்க விழுகுது. பக்கத்து வளவு. வாய்க்குள்ள மண். காது கூவுது.

பங்கருக்குள்ள அப்பா, அம்மா, நான். அண்ணன் இல்லை. சாமான் கட்டச் சைக்கிள் எடுக்கப் போனவன். அவனுக்குப் பத்தொன்பது. எனக்குப் பதினாறு.

அப்பா காப்பிரி. புத்தளப் பக்கத்தில இருந்து வயல் வேலைக்கு வந்து அம்மாவைக் கட்டினவர். அவரின்ர முன்னோரை ஆபிரிக்காவில பிடிச்சு, விலங்கு போட்டு, போர்த்துக்கேயக் கப்பலில அடிமையளாக் கொண்டுவந்தவங்கள். அவையிட்ட இருந்து எங்களுக்கு மிஞ்சினது சுருட்டை முடியும் ஒரு பாட்டும். கப்பலின்ர அடித்தட்டு கும்மிருட்டாம். ஆர் உயிரோட, ஆர் செத்தது, தெரியாதாம். அதால ஆளுக்கொரு வரி பாடுவினமாம். வரி வராட்டி ஆள் இல்லை. அப்பா வீட்டில அப்பிடித்தான் சொல்லுவினம். சொல்லுக்குக் கருத்து எங்களுக்குத் தெரியாது. ஒராளின்ர வரியை இன்னொராள் பாடக்கூடாது. அது தெரியும்.

சண்டைக்குள்ள அது உதவினது. ரோட்டு நிறையச் சனம். “அம்மா” எண்டு கூப்பிட்டால் எல்லாப் பொம்பிளையளும் திரும்புவினம். எங்கட பாட்டுக்கு நாங்கள் மட்டும்தான் திரும்புவம். முதல் வரி அப்பா. ரெண்டாவது அம்மா. மூண்டாவது அண்ணன். கடைசி நான். நாலும் வந்தால்தான் நடப்பம்.

ஆறு இருபது. அப்பா பாடுறார். அம்மா பாடுறா. மூண்டாவது வரேல்ல. திரும்பப் பாடுறார். வரேல்ல.

“ஓடுங்கோ! அடுத்தது இங்கதான்!” ரோட்டில ஆரோ கத்துறாங்கள்.

அப்பா அசையேல்ல. மகன்ர வரி வராமல் அவர் வெளிக்கிடமாட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும். எனக்குச் சாகப் பயம். அதை ஏன் ஒளிப்பான். அண்ணனைப் பாத்திட்டு வாறன் எண்டு பங்கரால ஏறினன். பூவரசு வேலிக்குப் பின்னால நிண்டு, குரலைத் தடிப்பாக்கி, மூண்டாவது வரியைப் பாடினன். பிறகு என்ர குரலில நாலாவது. “அண்ணா முன்னுக்குப் போறான்! வாங்கோ!”

ஷெல்லில அடைச்ச காது. அப்பா நம்பினார்.

ஓடுறம். பெரியமடுப் பக்கம். வாய்க்கால் தாண்டி, பத்து நிமிசம் இருக்கும். பின்னால ஒரு குரல். மூண்டாவது வரி. இந்தமுறை அவனேதான். மூச்சு வாங்கி வாங்கிப் பாடுறான்.

அப்பா நிண்டார். பையைப் போட்டார். திரும்பி ஓடினார். ஓடிக்கொண்டே முதல் வரி. அங்கால மூண்டாவது. முதல். மூண்டாவது. கிட்டக் கிட்ட வருகுது. குத்துற சத்தம் கேட்டது. எண்ணினன். ஏழு.

பிறகு அம்மா ரெண்டாவதைப் பாடினா. திரும்பத் திரும்பப் பாடினா. என்ர வரி எனக்கு வாயில வரேல்ல. அவவை இழுத்துக்கொண்டு நடந்தன்.

உடம்பு எடுக்கப் போக ஏலேல்ல. இப்ப நாங்கள் மன்னாரில இருக்கிறம். அம்மா இண்டைக்கும் கேக்கிறா, முன்னுக்குப் போன பிள்ளை எப்பிடிப் பின்னுக்கு வந்தவன் எண்டு. தெரியாது எண்டுதான் சொல்லுறன். இங்க, இழப்பு பதியிற உங்களிட்டத்தான் முதல்முதல் சொல்லுறன்.

இழந்தது: அப்பா. அண்ணன். வீடு. சைக்கிள். பாட்டில முதல் வரி. மூண்டாவது வரி எனக்குப் பாடமா இருக்கு. பாடமாட்டன். அதையும் இழந்ததோட சேர்த்து எழுதுங்கோ.